கைமாற்று

ஜெபராஜின் இடது கண் இமை முதன்முதலாக இறங்கியபோது அவன் டியூஷனில் முக்கோணவியல் நடத்திக்கொண்டிருந்தான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், சார் தன்னைப் பார்த்துக் கண்ணடித்தார் என்று வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை அவளுடைய தகப்பனாரும் இரண்டு சித்தப்பாக்களும் வந்து வாசலில் வைத்தே அவன் சட்டையைக் கிழித்தார்கள். துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தங்கை எப்சிபா, போட்ட ஹெல்மெட்டோடு நடுவில் புகுந்து அண்ணனைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"கண்ண நல்லாப் பாருங்கய்யா! இமை தொறக்கவே மாட்டேங்கு. இதுக்குப் பேரு கண்ணடிக்கிறதா?"

அவளே விரலால் அண்ணனின் இமையைத் தூக்கிக் காட்டினாள். விரலை எடுத்ததும் அது மறுபடி சரிந்தது. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கிழிந்த சட்டைக்காக எதையோ முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு முழுவதும் அண்ணனும் தங்கையும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

சிரிப்பு அந்த வாரத்தோடு சரி. காலையில் எழும்போது ஜெபராஜ் நன்றாகத்தான் இருப்பான். பொழுது ஏற ஏற உடம்பிலிருந்து பலம் வடிந்துகொண்டே போகும். மத்தியானத்தில் சாக்பீஸ் பிடித்த கை கரும்பலகைக்கு எழும்பாது. சாயங்காலம் பேச்சு மூக்கில் வரும். குடித்த தண்ணீரும் மூக்கு வழியே வெளியே வரும். இட்லியை மென்றுகொண்டிருக்கும்போதே தாடை களைத்து நின்றுவிடும். மீதியைக் கையால் தாடையை அசைத்து மெல்லுவான். மயஸ்தீனியா கிராவிஸ் என்று டாக்டர்கள் பெயர் சொன்னார்கள். மாத்திரை போட்டால் சில மணி நேரம் மனுஷனாக இருந்தான். மழைக்காலத்தில் சளி பிடித்து மூச்சு நின்றபோது தொண்டையில் குழாய் போட்டார்கள். அப்போது அவன் மகள் அபிஷா நடக்கப் பழகி, வீடெல்லாம் ஓடிக்கொண்டிருந்தாள். ஐ.சி.யூ. கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்துவிட்டு, "பேசச் சொல்லு" என்று அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் புது அறுவை சிகிச்சை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே கொண்டுபோனார்கள். டாக்டர் கோமதிநாயகம் மெதுவாகப் பேசுகிறவர். ஜெபராஜையும் அவன் மனைவி ரூபியையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அம்மாவிடமும் எப்சிபாவிடமும் விளக்கினார்.

"நெஞ்செலும்புக்குப் பின்னாடி தைமஸ்னு ஒரு சுரப்பி இருக்கும்மா. ஒடம்பக் காக்குற செல்லுக்கெல்லாம் அதுதான் பள்ளிக்கூடம். யாரு நம்ம ஆளு, யாரு எதிரின்னு அங்கதான் படிக்கும். இவருக்கு அந்தப் பள்ளிக்கூடம் தப்பாச் சொல்லிக் குடுத்துடுச்சு. நரம்பு சொல்றத தசை காதுல வாங்குற எடம் இருக்கு பாருங்க, அதையே எதிரின்னு நெனச்சு அடிக்குது."

"அப்ப அந்தப் பள்ளிக்கூடத்த இடிச்சிர வேண்டியதுதான டாக்டர்?" என்றாள் எப்சிபா.

"அதத்தான் ரொம்ப காலமா செஞ்சுக்கிட்டு இருக்கோம். சுரப்பிய எடுத்துப் போட்டா நெறையப் பேருக்குத் தேவலையாகும். மாத்திரை கொறையும். சில பேருக்கு மாத்திரையே வேண்டியிருக்காது. ஆனா எல்லாருக்கும் அப்படி இல்ல. தேறுறதுக்கு வருஷக்கணக்கா ஆகும். சில பேருக்கு ஒண்ணுமே ஆகாது. பள்ளிக்கூடத்த இடிச்சாலும் படிச்சு முடிச்ச பயலுக ஊரெல்லாம் திரிவானுங்க இல்லியா?"

"புதுசுன்னு சொன்னாகளே, அது?"

"இடிக்கிறதில்ல. பள்ளிக்கூடத்த உயிரோட பேத்தெடுத்து வேற ஒரு ஒடம்புல வைக்கிறோம். எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மருந்து குடுப்போம். படிச்சவன் அத்தனை பேரும் திரும்பி வந்து உள்ள ஏறிக்குவான். ஒருத்தன் பாக்கி இருக்க மாட்டான். இவரு எந்திரிக்கும்போது நோவு இருந்த சுவடே இருக்காது. இதுவரைக்கும் ஒரு கேஸ்கூட தோத்ததில்ல."

"வச்சுக்கிட்டவங்களுக்கு?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நோவு அவங்களுக்குப் போயிடும். ரத்த சொந்தமா இருக்கணும், வயசு வந்தவங்களா இருக்கணும், அவங்களே மனசோட சம்மதிக்கணும். சுரப்பி வெளிய செத்துப்போச்சுன்னா உள்ள இருக்குறவன் எல்லாம் பழைய வீட்டுக்கே வெறியோட திரும்பி வருவான். அதனால உயிருள்ள எடம் வேணும். வாங்கிக்கிட்டவங்க அப்புறம் அத வெட்டி எறியவும் முடியாது. இன்னொருத்தருக்குக் குடுக்கலாம். குடுத்தவருக்கே திருப்பியும் குடுக்கலாம். அவ்வளவுதான்."

ஆஸ்பத்திரியில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. வெளியே பெஞ்சில் காத்திருந்த சனங்கள் அதைக் கைமாத்து என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அருப்புக்கோட்டைக்காரர் ஒருவர், "எங்க வீட்ல எங்கப்பாட்ட இருந்து தம்பிக்கு வந்து, தம்பிட்ட இருந்து இப்ப எனக்கு வருதும்மா" என்று, ஏதோ வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறையைச் சொல்வதுபோலச் சொன்னார். அவருடைய தம்பி அடுத்த பெஞ்சில் வேறு பக்கம் பார்த்தபடி இருந்தான்.

அம்மா எப்சிபாவைக் கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டீ வாங்கிக் கொடுத்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"டாக்டர்ட்டக் கேட்டுட்டேன், எனக்கு வயசாயிட்டு, வச்சாத் தாங்காதாம். அவனுக்குப் பொண்டாட்டி இருக்கா, பிள்ளை இருக்கு. ஒனக்கு யாருட்டி இருக்கா?"

எப்சிபா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினாள். ஐந்து மாடி உயரத்தில் கண்ணாடித் தரை போட்ட கேபினில் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே கீழே பார்த்துக் கன்டெய்னர்களைப் பிடித்துத் தூக்குவாள். நாலு மூலையும் ஒரே தடவையில் கொக்கிகளில் பொருந்தும்போது கேபினில் ஒரு சின்ன அதிர்வு வரும். அந்த அதிர்வுக்காகவே அவள் வேலைக்குப் போனாள் என்று சொல்லலாம். கிரேனை விட்டால் கல்யாணம் என்று வந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாரையும் அவள்தான் திருப்பி அனுப்பியிருந்தாள். 'யார் இருக்கா' என்ற கேள்விக்குக் கிரேன் என்று பதில் சொல்ல முடியாது. டீயைக் குடித்து முடித்தாள்.

உண்மையில் அம்மா கேட்பதற்கு முன்பே அவள் முடிவு செய்திருந்தாள். அண்ணனின் தொண்டையில் இன்னொரு முறை குழாய் இறங்குவதை அவளால் பார்க்க முடியாது. அவ்வளவுதான் காரணம்.

ஜெபராஜ் முதலில் வேண்டாம் என்றான். நன்றாகவே அழுதான். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மூக்கில் வரும் குரலில், "ஒரே ஒரு வருஷம்ட்டி. நான் தேறி எந்திரிச்சுட்டு வாங்கிக்கிடுதேன். பொறவு வருஷத்துக்கு ஒருத்தரா மாறி மாறி வச்சுக்கிடுவோம்" என்றான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கினான்.

அறுவை சிகிச்சை டாக்டர் சொன்னபடியே நடந்தது. ஜெபராஜ் எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டான். அடுத்த கட்டிலில் எப்சிபாவுக்கு டாக்டரின் முகம் இரண்டாகத் தெரிந்தது.

ஊர் திரும்பியபின் பிடிவாதமாக ஒருநாள் துறைமுகத்துக்குப் போனாள். கீழே ஒரு கன்டெய்னர் இரண்டாகத் தெரிந்தது. எது நிஜம் என்று யோசித்து ஒன்றின்மேல் இறக்கினாள். கொக்கி வெறும் தரையில் மோதியது. லாரிக்குப் பக்கத்தில் நின்ற ஆள் குதித்துத் தப்பினான். அவளே இறங்கி வந்து சூப்பர்வைசரிடம் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

வருஷம் திரும்பியது. அண்ணன் அவளுடைய அறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். டியூஷன் இப்போது மாடி முழுவதும் பரவியிருந்தது. குரல் கணீரென்று இருந்தது.

"எப்சி, எனக்கு சுகர் வந்துட்டு. டாக்டர்ட்டக் கேட்டேன். ஆப்ரேஷன் பண்ணாத் தாங்காதுன்னு சொல்லிட்டாரு. எனக்கு எப்படி இருக்குன்னு ஒனக்கே தெரியும்."

எப்சிபா பதறிப்போனாள். "சுகரா? நம்ம வீட்ல யாருக்கும் இல்லியேண்ணே. நீ இனிமே சீனி போட்ட காப்பிய விட்டுரு" என்றாள். அந்தச் சொற்களைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு நாக்கு குழறிப்போயிற்று. அன்றிலிருந்து ரூபியிடம் அண்ணனுக்குத் தனியாகச் சீனியில்லாத காப்பி போடச் சொன்னவளும் அவள்தான்.

சர்ச்சில் ஜெபராஜ் சாட்சி சொன்னான். தங்கை தனக்காகப் பாரம் சுமந்ததைப் பற்றி அவன் பேசப் பேசப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போதகர் ஐயர் எப்சிபாவை எழுந்து நிற்கச் சொன்னார். கழுத்து தலையைத் தாங்காததால் அவள் உள்ளங்கையால் தாடையை முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் ஸ்தோத்திரப் பண்டிகையில் அவன் அந்தச் சாட்சியைச் சொன்னான். ஒவ்வொரு வருஷமும் அது கொஞ்சம் நீண்டது. ரூபிக்கு ஒரு மகன் பிறந்தான். அம்மா படுக்கையில் விழுந்தாள். கடைசியாக எப்சிபாவைக் கிட்டே கூப்பிட்டு அம்மா சொன்னது, "அண்ணன்ட்டத் திரும்பக் கேட்டுராதட்டி" என்பதுதான். எப்சிபா தலையாட்டினாள்.

அந்த வீட்டில் அவளோடு ஒட்டிக்கொண்டது அபிஷாதான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டு அத்தை அறைக்குத்தான் ஓடி வருவாள். சோற்றைக் குழையப் பிசைந்து, ஒரு கையால் ஊட்டி, மறு கையால் அத்தையின் தாடையை மேலே தூக்கி மெல்ல வைப்பாள். "ம்ம், இன்னும் ஒரு வாய், அத்த" என்று அதட்டுவாள். வளர வளரக் கைகாலெல்லாம் நீண்டு, கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் சேர்ந்து ஹாக்கி ஆடினாள். கோல்கீப்பர். கல்லூரி முதல் வருஷத்திலேயே மாநில அணிக்குத் தேர்வானாள். லீவில் வரும்போது காலில் பூட்டும் அந்தப் பெரிய பேடுகளோடு அத்தைக்கு முன்னால் நின்று, பந்து எந்தப் பக்கம் வந்தால் எப்படி விழுவது என்று தரையில் விழுந்து விழுந்து காட்டுவாள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் எப்சிபாவுக்கு ஒரே ஒரு அபிஷா தெரிவாள்.

அந்த ஆவணி மாதம் எப்சிபாவுக்குக் காய்ச்சல் வந்து மூச்சு நின்றது. மதுரைக்குக் கொண்டுபோய்த் தொண்டையில் குழாய் போட்டார்கள். குழாய் எடுத்து அவள் கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் அபிஷா இருந்தாள்.

"அத்த, நான் டாக்டர்ட்டப் பேசிட்டேன். நான் வாங்கிக்கிடுதேன்."

எப்சிபா தலையை ஆட்ட முயன்றாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்பது அவளுக்கே தெரியவில்லை.

அபிஷா சாப்பிடப் போயிருந்த நேரம் டாக்டர் கோமதிநாயகம் வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சின்னப் பொண்ணும்மா. ஆட்டக்காரப் பொண்ணு வேற. உங்க அண்ணன் வாங்கிக்கிட்டா என்ன? குடுத்தவருக்கே திரும்பிப் போறதுதான் ரொம்ப சுலபம். அந்த ஒடம்புக்குப் பழகின எடம்."

எப்சிபா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அண்ணனுக்கு... சுகர். நீங்கதான்... தாங்காதுன்னு..."

"நானா?" டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "சுகர் இருக்குறவங்க எத்தனையோ பேருக்குச் செஞ்சிருக்கேனே. உங்கண்ணன் தையல் பிரிச்சுட்டுப் போனவர்தான். அப்புறம் ஒருநாளும் அவர் என்னை வந்து பாக்கவே இல்லியேம்மா."

தான் சொன்னதை உடனே திருத்திக்கொள்ள விரும்புவதுபோல டாக்டர் ஏதேதோ பேசினார். எப்சிபா கேட்கவில்லை. அழவும் இல்லை. சீனியில்லாத காப்பியை இத்தனை வருஷமாக அவன் முகம் சுளிக்காமல் குடித்து வந்ததை நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

மறுநாள் ஜெபராஜ் ஓடி வந்தான். மகள் சம்மதம் சொன்ன செய்தி ரூபி மூலமாகப் போயிருந்தது. வயிறு தள்ளி, நல்ல உடற்கட்டோடு இருந்தான். அறைக்குள் வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் அப்படியே முழந்தாளிட்டான்.

"பிள்ளைக்கு வேண்டாம்ட்டி. எங்கிட்டக் குடுத்துரு. இன்னைக்கே குடுத்துரு."

"சுகருக்கு... என்ன செய்வ?"

ஜெபராஜ் அவளுடைய பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். அவன் கைகளின் பிடி எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதைத்தான் அவள் கவனித்தாள். தசை முழுக்கத் தசையாக இருக்கிற கை.

"பயந்துட்டேன் எப்சி. அந்தக் குழாய நெனச்சா இப்பவும் ஒடம்பு நடுங்குது. நீ என்ன வேணும்னாலும் சொல்லு, கேக்குதேன். பிள்ளை ஆடப் போற பிள்ளைட்டி."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் வெகு நேரம் பேசினான். சர்ச்சில் பேசுவதைவிட நன்றாகவே பேசினான்.

சாயங்காலம் டாக்டர் அண்ணனையும் அபிஷாவையும் பரிசோதித்துவிட்டு வந்தார். முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"ரெண்டு பேருக்குமே பொருந்துது. ரெண்டு பேருமே சம்மதம்னு சொல்றாங்க. அப்படி வந்தா, யாருக்குன்னு குடுக்குறவங்கதான் சொல்லணும்னு சட்டம். நீங்க அண்ணன் பேரச் சொல்லிட்டீங்கன்னா நாளைக்கே வச்சுடலாம்."

மருந்து ஏற்றியிருந்ததால் எப்சிபாவின் நாக்குக்குக் கொஞ்சம் பலம் வந்திருந்தது. "பாப்பா என்ன சொல்லுதா?" என்று கேட்டாள்.

"அவளா? அப்பாவுக்கு வேண்டாமாம். சுகர்காரராம், தம்பி சின்னப் பையனாம். நாந்தான் வாங்கிக்குவேன்னு பிடிவாதமா நிக்கிறா. அது குழந்தைத்தனம். நீங்க சொன்னாக் கேட்டுக்குவா. விஷயத்த எடுத்துச் சொல்லுங்க."

எப்சிபா ஜன்னல் பக்கம் பார்த்தாள். அண்ணனிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். முதல் மாசம் பொறுத்துக்கொள்வான். இரண்டாம் மாசம் அழுவான். ரூபி வந்து காலில் விழுவாள். ஐயர் வருவார், சர்ச்சுப் பெரியவர்கள் வருவார்கள், நீ சுமந்து பழகினவதானே என்பார்கள். அவன் மூக்கால் பேசுவதைக் கேட்டு, தொண்டையில் மறுபடி குழாய் இறங்குவதைப் பார்த்து, அவள் மனசு இளகும். தன் மனசு அவளுக்குத் தெரியும். அதை நம்ப முடியாது.

"அபிஷாவுக்கு வைங்க" என்றாள்.

டாக்டர் தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தார். "அண்ணனுக்கா?"

"அபிஷாவுக்கு."

"ஏம்மா? அண்ணன் தயாரா இருக்காரே. உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானே? அவர்மேல கோபம்னா..."

"கோபம் இல்ல டாக்டர். அவன் திரும்பிக் கேப்பான்."

டாக்டர் மறுபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"பாப்பா கேக்க மாட்டா" என்றாள் எப்சிபா. "என்மேல உசிரா இருக்கா."

சட்டப்படி மறுக்க அவருக்கு வழி இல்லை. அபிஷாவைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொரு முறை கேட்டுப் பார்த்தார். அவள் ஏற்கெனவே நகப்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, காதில் கழுத்தில் கிடந்ததையெல்லாம் கழற்றிப் பையில் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தாள். ஜெபராஜ் அறுவை சிகிச்சை அறை வாசலில் கதவைக் குத்திக் கூச்சல் போட்டான். காவலாளிகள் இரண்டு பேர் அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். எளிதில் இழுக்க முடியவில்லை.

எப்சிபா விழித்தபோது வெயில் அறைக்குள் வந்திருந்தது. இரண்டு இமைகளும் அவள் சொல்லாமலே மேலே ஏறின. சுவரில் ஒரே ஒரு கடிகாரம் இருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தாள், தலை நின்றது. நர்ஸ் கொண்டுவந்த ஆப்பிளைத் துண்டு போட வேண்டாம் என்று சொல்லி, முழுசாக வாங்கிக் கடித்தாள். பற்களுக்கு நடுவே அது நொறுங்கியது. தாடை களைக்கவில்லை. மறுபடி கடித்தாள். விதை வரைக்கும் தின்றாள்.

அடுத்த கட்டிலில் அசைவு தெரிந்தது. அபிஷா இவளைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள். ஒரு இமை பாதிக் கண்ணை மூடியிருந்தது. அத்தையைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தாள். உதட்டோரங்கள் மேலே ஏறாமல், மேலுதடு மட்டும் விலகிப் பல் தெரிந்தது. தெரியாதவர்கள் பார்த்தால் சீறுகிறாள் என்பார்கள்.

"நல்லா... இருக்கியளா அத்த?" குரல் மூக்கில் வந்தது.

"நல்லா இருக்கேம்மா" என்றாள் எப்சிபா. அவளுடைய குரல் அந்த அறை முழுவதும் தெளிவாகக் கேட்டது.

பெண் இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க எப்சிபாவுக்குக் கூச்சமாக இருந்தது. மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்புவது எவ்வளவு சுலபமாக இருந்தது! போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் நன்றாகத் தூங்கிப்போனாள்.